மதில் மேல் கோழி

காணாமல் போன பெண்ணுக்கு வயது பதினொன்று. காணாமல் போய் முந்நூற்று இருபது வருஷம் ஆகிறது.

"போலீஸ்ல சொன்னீங்களா சார்?" என்று கேட்டான் தம்பி.

அண்ணி மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள். அழுத்தமாகத்தான் மிதித்தாள். ஆனால் பாருங்கள், தம்பிக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவன் அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த மகராசி துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். முதலாளி அவள், மூளை அவள், முடிவெடுப்பது அவள். மிச்சமிருக்கும் வேலை தம்பிக்கு. அதாவது பை தூக்குவது, படி ஏறுவது, திட்டு வாங்குவது. அண்ணன்காரன் வீட்டோடு சமைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான், புண்ணியவான்.

எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளருக்குக் கோபம் வரவில்லை. அவர் சிறுவர்களுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவர். பிள்ளைகளின் கேள்விகளைச் சமாளித்துப் பழகியவருக்குத் தம்பியெல்லாம் எந்த மூலைக்கு! வீடு மட்டும் மனுஷன் குடியிருக்கிற வீடு மாதிரி இல்லை. கூடத்தின் நடுவே கல்லெறியும் பொறி ஒன்று பாதி கட்டப்பட்டு நின்றது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் மெத்தை. எழுத்தாளர் காலில் கட்டைச் செருப்பு. நடக்கும்போதெல்லாம் டக் டக்கென்று வீடே அதிர்ந்தது.

"நான் செஞ்சு பார்க்காததை எழுத மாட்டேன்" என்றார் அவர். "போர்வீரன் மூட்டை தூக்கிட்டு நடந்தான்னா நானும் தூக்கிட்டு நடப்பேன். வைக்கோல்ல படுத்தான்னா நானும் வைக்கோல்லதான்."

"எதிரிகிட்ட வெட்டு வாங்கினான்னா?"

"தம்பி" என்றாள் அண்ணி. 

விஷயம் இதுதான். எழுத்தாளர் ஐந்து வருஷமாக ஒரு நாவல் எழுதியிருக்கிறார். இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் பழைய கோட்டையை எதிரிப்படை தொண்ணூறு நாள் முற்றுகை போட்ட கதை. உள்ளே சாப்பாடு தீர்ந்துவிட்டது. கடைசி நாளில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, மிச்சமிருந்த ஒரே கோழியைத் தூக்கி மதிலுக்கு வெளியே வீசுகிறாள். கோழியையே தூக்கி எறிகிற அளவுக்கு உள்ளே வசதியாக இருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று எதிரி மனசு வெறுத்து, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறான்.

"அருமை!" என்றான் தம்பி. நிஜமாகவே சொன்னான்.

"அருமைதான். ஆனா அப்படி ஒரு பொண்ணே இல்லைன்னு சொல்றாங்க பதிப்பகத்துல. சரிபார்ப்பாளர்னு ஒருத்தர் இருக்காங்க. கோட்டை ஆவணம் மொத்தத்தையும் படிச்சுட்டாங்க. அந்தப் பொண்ணு எங்கேயும் இல்லையாம்." எழுத்தாளர் குரல் இறங்கியது. "எங்க வரிசைக்கு ஒரு விதி உண்டு மேடம். கதையோட முக்கியப் பாத்திரம் நிஜமா வாழ்ந்த ஆளா இருக்கணும். கடைசிப் பக்கத்துல ரெண்டு பத்தி போட்டு, எது நிஜம், எது கற்பனைன்னு பிள்ளைங்களுக்கு உண்மையைச் சொல்லணும். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்தப் பக்கத்தை வாங்கிக்க சரிபார்ப்பாளரே வர்றாங்க. அதுக்குள்ள பொண்ணு கிடைக்கலைன்னா அவளை எடுத்துடணும்."

"எடுத்துட்டா?"

"இருபது அத்தியாயத்துல பதினாறு போயிடும். மிச்சம் ஒரு முன்னுரையும் ரெண்டு குதிரையும்."

அண்ணி சுவரைப் பார்த்தாள். சட்டம் போட்ட ஒரு கடிதம் அங்கே தொங்கியது. கோணல்மாணலான கையெழுத்து. 'உங்கள் போன புத்தகத்தில் தளபதி சட்டைக்குப் பொத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பொத்தான் கிடையாது என்று எங்கள் டீச்சர் சொன்னார். இனிமேல் உங்கள் கடைசிப் பக்கத்தை நான் நம்பலாமா?'

"ஒன்பது வயசுப் பொண்ணு எழுதினது" என்றார் எழுத்தாளர். "நம்பலாம்மான்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் ஒரு பொய்யும் நான் கடைசிப் பக்கத்துல எழுதினதில்லை. இப்ப இவளை நிஜம்னு போடவும் முடியலை, பொய்னு போடவும் மனசு வரலை. இவ நிஜம் மேடம்! எனக்குத் தெரியும். எங்கே படிச்சேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குது."

 மனுஷன் கண் கலங்கியிருந்தது. தம்பிக்கே பாவமாகப் போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆதாரம்னு ஏதாவது?" என்றாள் அண்ணி.

எழுத்தாளர் டக் டக்கென்று போய் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு அட்டைகள். வெள்ளை அட்டையில் எழுதினால் கற்பனை. மஞ்சள் அட்டையில் எழுதினால் நிஜமாக நடந்தது. முப்பது வருஷ வழக்கம், ஒரு நாளும் மாறியதில்லையாம். அவர் உருவிக் கொடுத்தது மஞ்சள் அட்டை. ஓரம் நைந்து பழுப்பேறியிருந்தது.

'பெண். வயது பதினொன்று. கோழியை இடது கையால் வீசினாள். உயரம் இருபத்திரண்டு அடி. மூன்றரை நொடியில் தரை. கோழிக்குக் காயமில்லை. அழவில்லை.'

"அழவில்லைன்னா யாரு, கோழியா?" என்றான் தம்பி.

அண்ணி அதற்குள் நாவலின் கைப்பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் சரிபார்ப்பாளர் சிவப்பு மையில் எழுதிய குறிப்புகள். எழுதின கையே மேலே தேய்த்துக்கொண்டு போனது போல ஒவ்வொரு வரியும் இழுபட்டிருந்தது. 'கடைசிக் கோழி நாற்பதாம் நாளே சமைக்கப்பட்டதாக ஆவணம் சொல்கிறது. தொண்ணூறாம் நாள் வீசிய கோழி எங்கிருந்து வந்தது? சரிபார்க்கவும்.' 'குதிரைக்கு இந்த நிறம் உண்டா? சரிபார்க்கவும்.' அந்தப் பெண் வரும் இடத்தில் மட்டும் வேறு மாதிரி. 'இந்தப் பெண் யார்? நினைவுபடுத்திப் பார்க்கவும்.' மூன்று அத்தியாயத்தில் மூன்று தடவை.

அண்ணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எதையோ பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். சொல்ல மாட்டாள் என்றும் அர்த்தம்.

"கிளம்பு தம்பி. கோட்டையைப் பார்த்துட்டு வரலாம்."

கோட்டை வாசலில் அவர்களுக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. ஆள் உயரப் பலகை, அதில் கொட்டை எழுத்து: 'வீரச் சிறுமி கோழி வீசிய இடம். மதில் உயரம் இருபத்திரண்டு அடி.' பக்கத்தில் அம்புக்குறி வேறு.

"அண்ணி! கேஸ் முடிஞ்சுது!" தம்பி துள்ளினான். "மணி பதினொன்னுதான் ஆகுது. போய்த் தூங்கலாம்."

கோட்டையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஓடிவந்தார். தொப்பியும் விசிலும் போட்ட உற்சாகமான ஆள். கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "வாங்க வாங்க! இதோ, இந்தப் படியிலதான் அவ ஏறினா. இதோ, இங்கதான் நின்னு அழுதா..."

"அழவில்லைன்னு கேள்விப்பட்டோம்" என்றாள் அண்ணி.

"போன மாசத்துலேர்ந்து அழறா மேடம். கூட்டம் நல்லா வருது." மதிலின் மேல் ஒரு கல்லைப் பெருமையோடு காட்டினார். மூன்று விரல் பதிந்த அடையாளம். "கோழியோட காலடி!"

தம்பி குனிந்து விரலால் சுரண்டினான். "சிமெண்ட்டு மாதிரி இருக்கே?"

"பழைய காலத்து சிமெண்ட்டு."

"உள்ள ஒரு முள்கரண்டியோட முனை உடைஞ்சு மாட்டியிருக்கு."

வழிகாட்டி அவசரமாக அந்தக் கல்லைத் தொப்பியால் மூடினார். அண்ணி அதற்குள் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து நீட்டிவிட்டாள். தம்பி மதில் மேல் குப்புறப் படுத்து அதைக் கீழே இறக்கினான். பத்தடி, இருபதடி, முப்பதடி. நாடா தீர்ந்து போய் அந்தரத்தில் ஆடியது. தரை இன்னும் எங்கேயோ கிடந்தது.

"நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும் அண்ணி. இங்கேருந்து வீசினா கோழி தரைக்குப் போறதுக்குள்ள குடும்பம் குட்டி ஆயிடும்."

அண்ணி வழிகாட்டியின் பக்கம் திரும்பினாள். "மதில் உங்க கண்ணு முன்னாலதான் நிக்குது. இருபத்திரண்டு அடின்னு எப்படி எழுதினீங்க?"

"அது வந்து..." அசடு வழிந்தது. "போன வருஷம் ஒரு ஸ்கூல் பிள்ளைங்க வந்தாங்க மேடம். இங்கதானே கோழியை வீசினாங்கன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வெட்கமா போச்சு. ஆமான்னுட்டேன். உயரம் கூட அவங்கதான் சொன்னாங்க."

"பிள்ளைங்களுக்கு யார் சொன்னதாம்?"

"அவங்க ஸ்கூலுக்கு வந்த ஒரு எழுத்தாளராம். காலுல கட்டைச் செருப்பு போட்டிருந்தாராம்."

சப்பென்று ஆகிவிட்டது. ஆசாமி சொன்ன கதை பள்ளிக்கூடம் போய், கோட்டைக்கு வந்து, பலகையில் ஏறி, அவருக்கே சாட்சி சொல்லக் காத்திருக்கிறது! தம்பி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வழிகாட்டி மெல்ல விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அவரே கட்டி விட்டுட்டு அவரே மறந்துட்டார். அவ்வளவுதான் அண்ணி. எப்படிப் போய்ச் சொல்றது? மனுஷன் உடைஞ்சு போயிடுவார்."

"கட்டி விட்டிருந்தா வெள்ளை அட்டையில எழுதியிருப்பார்" என்றாள் அண்ணி. "முப்பது வருஷத்துல ஒரு தடவை கூடக் கலரை மாத்தினதில்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கார். நீயே யோசி. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, முற்றுகையில சாப்பாடு இல்லாம கிடக்குறப்ப, எந்தப் பாவி அரை நொடியை அளந்துட்டு நின்னான்? அரை நொடியை அளக்க என்ன வேணும்?"

தம்பி யோசித்தான். கொஞ்ச நேரம் எடுத்தது. "ஸ்டாப்வாட்ச்."

"அது எந்தக் காலத்துச் சாமான்?"

"நம்ம காலத்து..." தம்பியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. இந்த அதிசயம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

திரும்பி வரும் வழியில் பஸ் பழுதாகி நின்று, இன்னொரு பஸ் பிடித்து, வந்து சேரும்போது மணி நாலேகால். எழுத்தாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது.

"கிடைக்கலையா?"

"கோட்டையில கிடைக்கலை. மொட்டைமாடிக்குப் போகலாமா சார்?"

தம்பி மறுபடியும் குப்புறப் படுத்தான். காலையிலிருந்து இரண்டாம் தடவை; சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று. கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து நாடாவை இறக்கினான். நாடாவின் நுனி தரையைத் தொட்டது. எண்ணைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தான்.

"இருபத்திரண்டு" என்றான். வேடிக்கை ஒன்றும் சேராமல் ஒரே சொல்லாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு சத்தம். "யாரது மாடியில? மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா இந்த ஆளு? என் கோழி மேல கை வெச்சீங்க, நடக்குறதே வேற!"

அண்ணி எட்டிப் பார்த்தாள். கீழே, இடுப்பில் கைவைத்தபடி பக்கத்து வீட்டுக்காரி. அவளைச் சுற்றி ஏழெட்டுக் கோழிகள்.

"மறுபடியுமா? இதுக்கு முன்னாடி எப்பம்மா?"

"பதினாறு வருஷம் ஆச்சு. நான் மறப்பேனா? ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! என் கோழியைக் கேக்காம கொள்ளாம தூக்கிட்டுப் போய், மாடியிலேருந்து வீச வெச்சார். இவர் கீழ கடிகாரத்தைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு. அது படபடன்னு வந்து இறங்கிச்சு. அன்னைக்கோட முட்டை போடுறதை நிறுத்தினதுதான், சாகுற வரைக்கும் போடலை!"

"வீசினது யாரும்மா?"

"யாரா? அவர் பொண்ணுதான்! பீச்சாங்கைக்காரி. பாவம், பிள்ளைய என்ன பாடு படுத்தினாரு. மூட்டையைத் தூக்கிட்டு நடக்க விடறது, வைக்கோல்ல படுக்க வைக்கிறது..."

எழுத்தாளர் தண்ணீர்த்தொட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். கட்டைச் செருப்பு ஒன்று கழன்று உருண்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"செஞ்சு பார்த்ததை அன்னைக்கே எழுதி வெச்சேன்" என்றார் மெதுவாக. "நிஜமா நடந்தது. அதனால மஞ்சள். பல வருஷம் கழிச்சு எடுத்துப் பார்க்கறப்ப, மஞ்சள் அட்டைன்னா சரித்திரத்துல இருந்த ஆளுன்னு நினைச்சுட்டேன். என் பொண்ணு மேடம். என் பொண்ணையே நான் ஆவணத்துல தேடியிருக்கேன்."

"இப்ப எங்க சார் உங்க பொண்ணு?"

"அஞ்சு மணிக்கு வருவா."

"அஞ்சு மணிக்கு வரப்போறது சரிபார்ப்பாளர்தானே?" என்றான் தம்பி.

"அவங்களும் வருவாங்க." எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான். சண்டை. மூணு வாரமா பேச்சு வார்த்தை இல்லை. ஓரத்துக் குறிப்பு மட்டும்தான்."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா சார்!"

"நீங்க கேக்கலையே."

தம்பி அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஆச்சரியம் என்பதே மருந்துக்கும் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பாதி தெரியும். சிவப்பு மையெல்லாம் தேய்ஞ்சிருந்துச்சு. இடது கையால எழுதறவங்களுக்குத்தான் எழுதின மை மேலேயே கை போகும். அட்டையில இருக்கிற பொண்ணும் இடது கை. அதுகூடத் தற்செயல்னு விட்டுடலாம். ஆனா குதிரைக்கும் கோழிக்கும் 'சரிபார்க்கவும்'னு எழுதினவங்க, பொண்ணுக்கு மட்டும் 'நினைவுபடுத்திப் பார்க்கவும்'னு எதுக்கு எழுதணும்? பதில் தெரிஞ்சவங்கதான் அப்படிக் கேப்பாங்க."

சரியாக ஐந்து மணிக்குச் சரிபார்ப்பாளர் வந்தாள். இருபத்தேழு வயது. தோளில் துணிப்பை, இடது கையில் சிவப்புப் பேனா. கல்லெறியும் பொறியைச் சுற்றி, பழக்கப்பட்ட மாதிரி ஒதுங்கி நடந்துவந்தாள். அப்பாவைப் பார்க்காமல், அண்ணியைப் பார்த்து, "கடைசிப் பக்கம் தயாரா?" என்றாள். அலுவலகக் குரல்.

"உங்க விதிப்படி முக்கியப் பாத்திரம் நிஜமா வாழ்ந்த ஆளா இருக்கணும், இல்லையாம்மா?" என்றாள் அண்ணி. "எந்தக் காலத்துல வாழ்ந்திருக்கணும்னு விதியில போட்டிருக்கா?"

சரிபார்ப்பாளர் கொஞ்சம் யோசித்தாள். "போடலை."

"அப்ப பொண்ணு கிடைச்சாச்சு. வயசு, கை, கோழி மூணும் நிஜம். கோட்டையும் போரும் முந்நூறு வருஷமும் மட்டும்தான் கற்பனை."

"சின்னச் சின்ன மாற்றம்தான்" என்று ஒத்து ஊதினான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கம் இப்போதுதான் திரும்பினாள். எழுத்தாளர் மஞ்சள் அட்டையை நீட்டினார். 

"ஆதாரம் நீதான்மா. மறந்துட்டேன்."

அவள் அட்டையை வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். இருபத்திரண்டு அடிக்குத் தலையாட்டினாள், மூன்றரை நொடிக்குத் தலையாட்டினாள். கடைசி வார்த்தையில் பேனா நின்றது.

"இது தப்பு" என்றாள்.

"எது?"

"அழவில்லைன்னு போட்டிருக்கீங்க. அழுதேன்ப்பா."

"கோழிக்காகவா?"

"கோழி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க ஓடிப்போய் அதைத் தூக்கித் தடவிக் குடுத்தீங்க, அடி பட்டுச்சான்னு பார்த்தீங்க, உக்காந்து எழுதினீங்க. நான் மாடியிலேயே நின்னுட்டு இருந்தேன். மேல நிமிர்ந்தே பார்க்கலை நீங்க." அலுவலகக் குரல் எங்கேயோ போய்விட்டது. "சாப்பிடக் கூப்பிடற வரைக்கும் நின்னேன்."

தம்பியின் நாக்கில் நாலு நகைச்சுவை வரிசையில் நின்றன. நாலையும் விழுங்கினான். அண்ணி காலை மிதிக்க வேண்டியே வரவில்லை.

எழுத்தாளர் வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நிஜம் என்ற பத்தியில் எழுத ஆரம்பித்தார். பக்கத்து வீட்டிலிருந்து, "கோழியும் நிஜம்தான், அதையும் எழுதச் சொல்லுங்க!" என்று சுவரைத் தாண்டி ஒரு கத்தல் வந்தது. அதையும் எழுதினார். முடித்து மகளிடம் கொடுத்தார்.

'கோழியை வீசியவள் என் மகள். எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து வீசினாள். வீசிவிட்டு அழுதாள். நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி பக்கத்து வீட்டினுடையது.'

சரிபார்ப்பாளர் பேனாவை மூடாமல் இரண்டு தடவை படித்தாள். எங்கேயாவது தப்பு இருக்குமா என்று தேடினாள், பழக்கதோஷம். பிறகு ஓரத்தில் 'சரி' என்று எழுதினாள். எழுதிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னமெல்லாம் சிவப்பு மை.

எழுத்தாளர் இந்தத் தடவை பார்த்துவிட்டார்.